வெல்டிங் மெஷின் மக்கர் செய்தால் முதலில் லைனைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். மேலே பெரிதாக 200 என்று எழுதியிருக்கும் சிங்கிள் பேஸ் ரகம், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கேட் கீல், தண்ணீர் தொட்டி ஸ்டாண்டு, ஆட்டுப்பட்டிக்குக் கம்பி என்று வீட்டு வேலைக்கு மட்டும்தான். முதல் இரண்டு மாதம் அது படுத்திய பாட்டில் மூன்று முறை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கடையில் கார்டு (உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு) போய்விட்டது என்று சொல்லி 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டு புதுக் கார்டு போட்டுக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து செருகினால் அதே கதை. கோளாறு முழுக்க மீட்டருக்கும் பிளக்குக்கும் நடுவில் இருந்தது, அதுவும் ஒரு இடத்தில் அல்ல, மூன்று இடத்தில்.

அந்த அலைச்சலில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம்: என்ன ஆகிறது என்பதைவிட எப்போது ஆகிறது என்பதுதான் முக்கியம். சுவிட்ச் போட்ட நொடியிலா, வெல்டிங் ராடு உரசும்போதா, பத்து நிமிடம் கழித்தா, சாயங்காலம் மட்டுமா? இதைக் குறித்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது. கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. சாக்கெட்டைக் கழற்றும் முன் எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த மல்டிமீட்டர் வேலை செய்கிறதா என்பதையும் முதலில் வேறொரு உயிருள்ள சாக்கெட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி விரல் வைக்க வேண்டாம், ரப்பர் செருப்பும் மங்கிய நியானும் சேர்ந்தால் டெஸ்டர் பொய் சொல்லும். டிபி பாக்ஸில் (மெயினும் எம்சிபிகளும் இருக்கும் பெட்டி) மெயினை இறக்கினாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் ஒயர் உயிரோடுதான் இருக்கும். அந்தப் பக்கத்து வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

எந்த ராடுக்கு எவ்வளவு இழுக்கும்

மெஷின் மேல் எழுதியிருக்கும் 200 என்பது ராடு முனையில் வரும் ஆம்ப்ஸ், சாக்கெட்டில் இழுக்கும் ஆம்ப்ஸ் அல்ல. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, 200 ஆம்ப்ஸ் மெஷின் வீட்டில் ஓடவே ஓடாது என்று பயப்படுகிறார்கள், இல்லாவிட்டால் டிவி பிளக்கில் செருகுகிறார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஆர்க் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் பொறி) வோல்ட் ஏறத்தாழ 20, அதோடு வெல்டிங் ஆம்ப்ஸை 0.04 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 110 ஆம்ப்ஸில் வைத்தால் 24.4 வோல்ட், அதாவது சுமார் 2.7 கிலோவாட் ஆர்க்கில் எரிகிறது. மெஷினுக்குள் வீணாவது, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைவாக இருப்பது, இரண்டையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனில் 20 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும்.

இதே கணக்கில் (கேஜ் நம்பர் குறையக் குறைய ராடு தடிமன் கூடும்) 12 கேஜ் ராடை 80 ஆம்ப்ஸில் ஓட்டினால் சுமார் 14 ஆம்ப்ஸ், 10 கேஜை 110இல் ஓட்டினால் 20, 8 கேஜை 160இல் ஓட்டினால் 31. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட் உள்ள விலை கூடிய மெஷின் இதைவிடக் குறைவாக இழுக்கும். ஆனால் விஷயம் புரிந்திருக்கும்: கிச்சனில் கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் போட்ட 16 ஆம்ப்ஸ் சாக்கெட் 12 கேஜ் ராடுக்குத் தாங்கும், 10 கேஜுக்கு மூச்சு வாங்கும், 8 கேஜுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று, லைன் வோல்ட் இறங்க இறங்க இன்வெர்ட்டர் மெஷின் கூடுதலாக இழுக்கும். 190 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அந்த 20 ஆம்ப்ஸ் 24 ஆகிவிடும்.

சுவிட்ச் போட்ட நொடியே எம்சிபி விழுகிறது

ராடைத் தொடவே இல்லை, மெஷின் சுவிட்சைத் தட்டியதும் டப் என்று விழுகிறது, ஆனால் இரண்டாவது தடவை போட்டால் நிற்கிறது, நாலு தடவையில் ஒரு தடவை மட்டும் விழுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்து ஒரே மூச்சில் நிரம்புகின்றன, அந்த ஒரு நொடித்துகளுக்கு இழுப்பு எகிறும். எம்சிபியின் முகத்தைப் பாருங்கள், பி16 என்று இருந்தால் அதுதான் காரணம். முதல் எழுத்து எம்சிபியின் ரகம், அதைத்தான் கர்வ் என்பார்கள், நம்பர் அதன் ஆம்ப்ஸ். பி கர்வ் அந்த ஆம்ப்ஸைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் உடனே விழுந்துவிடும், சி கர்வ் ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை பொறுக்கும், டி கர்வ் பத்திலிருந்து இருபது மடங்கு. இன்வெர்ட்டர் மெஷினுக்கு சி போதும். பழைய செம்புக் காயில் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் அந்த முதல் இழுப்பு இன்னும் மோசமாக இருக்கும், அங்கே டி தேவைப்படலாம். ஆனால் டி போட்டால் ஷார்ட் ஆகும்போது உடனே விழ அத்தனை கரண்ட் கிடைக்க வேண்டும், அதற்கு ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், எனவே எம்சிபியை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் தவறாமல் விழுகிறது என்றால் அது ஷார்ட். மெஷினைப் பிடுங்கிவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள். அப்போதும் விழுந்தால் ஒயரிலோ சாக்கெட்டிலோ தப்பு, விழாவிட்டால் மெஷினிலோ அதன் கேபிளிலோ தப்பு. இன்வெர்ட்டர் மெஷினில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ, ஐஜிபிடி என்ற பெரிய டிரான்சிஸ்டரோ வெடித்திருந்தால் இப்படித்தான் காட்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் ரிப்பேர் கடைக்குப் போவது நியாயம்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவற்றில் நிறைய மெஷின்கள் இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் ஓடுபவை. சிங்கிள் பேஸ் வீட்டில் அதைச் செருகிவிட்டு ஆர்க் வரவில்லை என்று தலையைச் சொறிய வேண்டாம். வாங்கும் முன்னேயே பெயர்ப் பலகையைப் படியுங்கள்.

அஞ்சு, பத்து நிமிடம் கழித்து விழுகிறது

இது ஷார்ட் இல்லை, சூடு. எம்சிபிக்குள் ஒரு உலோகப் பட்டை சூட்டில் வளைந்து கொக்கியை விடுகிறது. 16 ஆம்ப்ஸ் எம்சிபி 20 ஆம்ப்ஸில் எப்போது விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பதுதான் விதி, 20 ஆம்ப்ஸ் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கணக்கும் 30 டிகிரி சூட்டுக்குப் போட்டது. என் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாதம் மதியம் அந்த இரும்பு டிபி பாக்ஸைத் தொட்டால் கை சுடும். அங்கே அது சீக்கிரம் விழாமல் என்ன செய்யும்? அதே எம்சிபி மார்கழிக் காலையில் அரை மணி நேரம் சும்மா நின்றது.

விழுந்த எம்சிபியைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற எம்சிபிகளைவிட அது மட்டும் சூடாக இருந்தால், குறிப்பாகக் கீழ் ஸ்க்ரூ பக்கம் சூடாக இருந்தால், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு முறுக்கிப் பாருங்கள், முக்கால் சுற்று போனால் உங்கள் வியாதி தெரிந்துவிட்டது.

இங்கேதான் எல்லோரும் செய்யும் தப்பு வருகிறது. 16ஐக் கழற்றி எறிந்துவிட்டு 32 போடுவது. விழாது, சந்தோஷம். ஆனால் எம்சிபி காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டால், அடுத்து எரிவது ஒயர்தான். எம்சிபியைப் பெரிதாக்கினால் அதோடு ஒயரும் சாக்கெட்டும் சேர்ந்து பெரிதாக வேண்டும்.

ராடு ஒட்டுகிறது, ஆர்க் நிற்கவில்லை

என்னை ரிப்பேர் கடைக்கு ஓடவைத்தது இதுதான். 12 கேஜ் நன்றாக ஓடும், 10 கேஜ் மாட்டினால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆம்ப்ஸைக் கூட்டினால் கூடவே கூடாது, மெஷினுக்குள் ஃபேன் சத்தம் மட்டும் சுதி இறங்கும். ராடு ஈரமாக இருக்கிறது என்று ஒருவர், கை பழகவில்லை என்று இன்னொருவர். ராடை வெயிலில் காயவைத்தேன், கையும் பழகியது, ஒட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் வந்த ஒயர்மேன் அண்ணன் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, நீங்க அங்க பத்த வைங்க, நான் இங்க மீட்டர் பார்க்கிறேன்" என்றார். வீட்டு டிபியில் 228 வோல்ட், ஆர்க் பிடிக்கும்போது 222. அது பரவாயில்லை. பிறகு கொட்டகை சாக்கெட்டில் பார்த்தார், சும்மா இருக்கும்போது 228, ஆர்க் பிடித்தால் 197. வீட்டிலிருந்து கொட்டகைக்கு 28 மீட்டர்தான். அந்த 28 மீட்டரில் 25 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம், இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது பார்க்கும் வோல்ட் எதையும் சொல்லாது, கரண்ட் ஓடும்போதுதான் ஒயரின் குணம் தெரியும். டிபியிலேயே 20, 30 வோல்ட் இறங்கினால் பிரச்சினை மீட்டர் பக்கம் அல்லது கம்பத்துப் பக்கம். டிபியில் சரியாக இருந்து சாக்கெட்டில் இறங்கினால் நடுவில் உள்ள உங்கள் ஒயர்.

எவ்வளவு இறங்குவது நியாயம் என்பதற்கும் கணக்கு உண்டு. 28 மீட்டர் தூரம் என்றால் போக 28, வர 28, மொத்தம் 56 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் ஒயரில் 20 ஆம்ப்ஸ் ஓடினால் 15 வோல்ட் இறங்கும், 2.5இல் 9, 6 ஸ்கொயரில் 4கூட வராது. 15 வோல்ட் என்பது வெறும் நம்பர் அல்ல, 20 ஆம்ப்ஸோடு பெருக்கினால் 300 வாட், அத்தனையும் சுவருக்குள் பைப்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. என்னுடையது 2.5 ஸ்கொயர். 9 இறங்க வேண்டிய இடத்தில் 31 இறங்கி, அதில் டிபி பக்கத்து 6ஐக் கழித்தால் மிச்சம் 25. அப்படியென்றால் எங்கோ ஒரு ஜாயிண்ட்.

பாதி வழியில், கிணற்றடிச் சுவரில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். மூடியைத் திறந்ததும் கருகிய மீன் வாடை. மூன்று ஒயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றி உள்ளே திணித்திருந்தார்கள். டேப் உருகி ஒழுகிக் காய்ந்து பனைவெல்லம் மாதிரி பளபளப்பாக இருந்தது. நியூட்ரல் ஒயரின் இழைகள் ஊதா நிறத்துக்கு மாறி, விரலால் தொட்டதும் நாலைந்து இழை பொடியாக உதிர்ந்தது. பேஸ் ஒயர் பரவாயில்லை. பேஸ் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய, ஆனால் போகிற கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை மட்டும் ராடு ஒட்டுகிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் அது ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பாரம். நம் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. கம்பத்தில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) தளர்வா, சர்வீஸ் ஒயர் ஜாயிண்ட் கருகியிருக்கிறதா என்று மின்வாரிய ஆட்கள்தான் பார்க்க வேண்டும். மின்னகம் நம்பர் 94987 94987, அதில் புகார் பதிவு செய்யலாம். ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வெல்டிங் இழுப்புக்குத் தாங்கும் ஸ்டெபிலைசரின் விலையில் இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம்.

எக்ஸ்டென்ஷன் போட்டு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சுருள் பெட்டியில் ஒயரைச் சுற்றியபடியே வைத்துவிட்டு முனையை மட்டும் இழுத்து வெல்டிங் செய்தால், உள்ளே இருக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சூடாக்கி உருகி ஒட்டிக்கொள்ளும். முழுவதையும் உருவித் தரையில் போடுங்கள். தூரம் போக வேண்டும் என்றால் கரண்ட் ஒயரை நீட்டுவதைவிட, தடிமன் குறையாத வெல்டிங் கேபிளை அளவோடு நீட்டலாம்.

பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பாகிறது

பிளக்கைப் பிடுங்கி ஐந்து நொடிக்குள் பின்களைப் பாருங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பின் மட்டும் மங்கலாக, மற்றது பளபளப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் பிடிப்பு இல்லை. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கு தளர்ந்துவிட்டது, அல்லது பிளக்குக்குள் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

இது ஏன் இத்தனை மோசம் என்றால், 0.2 ஓம் என்ற அற்பமான தடை போதும். 20 ஆம்ப்ஸ் ஓடினால் அங்கே 4 வோல்ட்தான் இறங்கும், மீட்டரில் கண்ணுக்கே படாது, ஆனால் சூடு 80 வாட். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் வைத்திருக்கும் ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றைச் சேர்த்துப் பிடித்து நகம் அளவு பித்தளையில் வைத்த மாதிரி. பிளாஸ்டிக் பழுக்காமல் என்ன செய்யும்.

பிளக்கைத் திறந்தால் வழக்கமாகக் காண்பது: பல இழை ஒயரை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்குக் கீழே விட்டிருப்பார்கள், பாதி இழை உள்ளே, பாதி வெளியே. இதற்கு இழை முனையில் பின் வடிவ லக்ஸ் (சின்ன உலோக முனை) மாட்டி நசுக்கி, அதாவது கிரிம்ப் செய்ய வேண்டும், ஒன்றின் விலை மிகவும் சொற்பம். சிலர் இழைகளுக்கு ஈயம் பற்ற வைத்து ஸ்க்ரூ முறுக்குவார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், ஆறு மாதத்தில் ஸ்க்ரூ தானாகத் தளர்ந்து நிற்கும். பழுப்பேறிய சாக்கெட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்ட வேண்டாம். ஒரு முறை சூடாகி ஆறிய பித்தளை நாக்குக்கு ஸ்ப்ரிங் தன்மை போய்விடும், தூக்கிப் போடுங்கள்.

சாக்கெட் பக்கத்து சுவிட்சும் கவனிக்க வேண்டியது. மெஷினின் சுவிட்சை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டுச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டித் தட்டி மெஷினை ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் முன்னே சொன்ன கெப்பாசிட்டர் இழுப்பு ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னச் சுவிட்சின் புள்ளியில் பொறி விடும், ஒரு நாள் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆஃப் போட்டாலும் ஆஃப் ஆகாது. ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கை வைப்பதுதான் ஆபத்து.

ஆர்சிசிபி மட்டும் விழுகிறது, எம்சிபி நிற்கிறது

ஊரில் பலர் இன்னும் இஎல்சிபி என்றுதான் சொல்கிறார்கள். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் விழும் சாதனம், வீட்டில் வழக்கமாக 30 மில்லி ஆம்ப்ஸ். அது விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் மெஷினை எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகுங்கள். அதற்கும் விழுந்தால் மெஷின் குற்றமற்றது, நியூட்ரலில்தான் வில்லங்கம். ஆர்சிசிபியைத் தாண்டி எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது கொட்டகைக்குப் பேஸ் ஆர்சிசிபி வழியாகவும் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டிலிருந்து கடனாகவும் வந்திருக்கிறது. என் கொட்டகையில் டியூப் லைட்டுக்கு அப்படித்தான் பக்கத்து மோட்டார் ரூமிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்திருந்தார்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கு விழாமல் மெஷினுக்கு மட்டும் விழுந்தால், மெஷின் உள்ளே பேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும், அவை சில மில்லி ஆம்ப்ஸை எப்போதும் எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழலாம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால் ஏற்கெனவே பாதி தூரம் போயிருக்கும், வெல்டிங் மெஷின் கடைசி உதை கொடுக்கிறது. கொட்டகைக்குத் தனி ஆர்சிசிபி போட்டால் தீர்ந்தது. வாங்கும்போது ஏ டைப் (எலக்ட்ரானிக் மெஷின்களின் கசிவையும் பிடிக்கும் ரகம்) கேளுங்கள். மழைக்காலக் காலையில் மட்டும் விழுந்தால் மெஷினுக்குள் ஈரமும் இரும்புத் தூசும் சேர்ந்திருக்கிறது, வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

பாடியில் ஷாக், பச்சை ஒயர் சூடு

இதில் பேச்சு வழக்கே ஒரு பொறி. நாம் வேலைத் தகட்டில் கவ்வும் கிளாம்ப்புக்கும் எர்த் என்றுதான் பேர், வீட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்ட குழிக்கும் எர்த் என்றுதான் பேர். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிளாம்ப் என்பது வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வழி, குழி என்பது நம் உயிருக்கு.

நான் ஒரு நாள் கேட் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தேன், கேபிள் எட்டவில்லை என்று கிளாம்ப்பைப் பக்கத்தில் இருந்த ஷெட் தூணில் கவ்விவிட்டேன். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே துருப்பிடித்த கீல் மட்டும்தான் தொடர்பு. தூணில் ஒரு கிரைண்டர் சாய்ந்திருந்தது, கேட்டை மோட்டார் பெட்டி தொட்டுக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் பச்சை ஒயர் உண்டு. 100 ஆம்ப்ஸ் சுலபமான வழியைத் தேடி, ஒரு பச்சை ஒயரில் ஏறி மறு பச்சை ஒயரில் இறங்கியிருக்கிறது. 1 ஸ்கொயர் ஒயர் அது. மோட்டார் ஒயரின் பச்சை இன்சுலேஷன் கொப்புளம் கொப்புளமாக வீங்கி நின்றது, எந்த எம்சிபியும் விழவில்லை, விழவும் விழாது, ஏனென்றால் அந்தக் கரண்ட் எம்சிபி வழியாகப் போகவே இல்லை. கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், சுத்தம் செய்த இரும்பில் கவ்வுங்கள்.

மெஷின் பாடியைத் தொட்டால் சுருக் என்கிறது என்றால் குழி எர்த் வரவில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் கசிவு போக வழியில்லாமல் பாடியில் நிற்கிறது. மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கமும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டும் வர வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது நாமே தோண்டிய குழிதான், கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுகிறோமா என்று மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழியின் தடை 5 ஓம் என்று வையுங்கள், நல்ல குழிதான், ஆனால் பேஸ் பாடியில் பட்டால் அதிகபட்சம் 46 ஆம்ப்ஸ்தான் ஓடும். சி32 எம்சிபி உடனே விழக் குறைந்தது 160 ஆம்ப்ஸ் வேண்டும். எம்சிபி சும்மா நிற்கும், பாடி உயிரோடு நிற்கும். இந்த இடத்தில் ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பாற்றும்.

எர்த் இல்லையே என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்குப் பாலம் போடும் பழக்கம் ஒன்று உண்டு. ஷாக் உடனே நின்றுவிடும். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், என் கிணற்றடி ஜாயிண்ட்டை நினைத்துப் பாருங்கள், மெஷின் பாடி முழுவதும் 230 வோல்ட்.

ஒரு லைட் மங்குகிறது, இன்னொன்று பளிச்சென்று ஆகிறது

ஆர்க் பிடிக்கும்போது எல்லா லைட்டும் லேசாக மங்கினால் அது வெறும் வோல்ட் இறக்கம். த்ரீ பேஸ் வீட்டில் ஒரு ரூம் மங்கி இன்னொரு ரூம் பிரகாசமானால் வெல்டிங்கை அந்த நிமிடமே நிறுத்துங்கள், மெயினை இறக்குங்கள். மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. அது முழுதாக விட்டுப்போனால் ஒரு பேஸில் உள்ள டிவி, ஃப்ரிட்ஜ் மேல் 415 வரைக்கும் ஏறும். இதை நாமே தேட வேண்டாம், ஒயர்மேனும் மின்வாரியமும் பார்க்கட்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்துகிறது

இங்கே இன்வெர்ட்டர் என்பது பேட்டரிப் பெட்டி. கொட்டகை லைன் அதன் வழியாக வருகிறது என்று அர்த்தம், பிரித்து நேராக மெயினிலிருந்து எடுங்கள். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தவரைத்தான் திட்ட வேண்டும்.

நான் கடைசியில் போட்ட லைன்

டிபியிலிருந்து ஜாயிண்ட்டே இல்லாமல் 6 ஸ்கொயர் செம்பு, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அதே தடிமன், கனமான பைப்பில். டிபியில் சி32 டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்சிபி, அதற்குப் பின் 40 ஆம்ப்ஸ் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி. கொட்டகையில் நீல நிற 32 ஆம்ப்ஸ் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், மூன்று பின், மூடியுள்ளது. கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் பக்கத்தில் 16 ஆம்ப்ஸ் சாக்கெட், அதற்குத் தனியாக அங்கேயே சி16 எம்சிபி, ஏனென்றால் 32 எம்சிபிக்குப் பின்னால் 16 சாக்கெட்டை நேராக மாட்டக் கூடாது. மெஷினோடு வந்த கேபிள் 2.5 ஸ்கொயர், அதையும் 4 ஸ்கொயராக மாற்றினேன். இப்போது ஆர்க் பிடிக்கும்போது சாக்கெட்டில் 217 நிற்கிறது.

வீட்டுக்கு வாங்கியிருக்கும் அனுமதிச் சுமை எத்தனை கிலோவாட் என்று பில்லில் அல்லது கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள், போதாவிட்டால் கூட்டி வாங்குவது பெரிய வேலை இல்லை. வீட்டு இணைப்பில் கூலிக்கு வெல்டிங் செய்தால் அது வேறு கதை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அனுமதி இல்லாத உபயோகம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

மஞ்சள் விளக்கு எரிகிறது

சூடு ஏறிவிட்டது என்று மெஷினே சொல்கிறது. டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டிங், நாலு நிமிடம் ஓய்வு. ஃபேன் ஓடட்டும், ஆஃப் செய்யாதீர்கள், தானே அணையும். ஓய்வு கொடுத்தும் அடிக்கடி எரிந்தால் உள்ளே தூசு. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டுவிட்டு மூடியைக் கழற்றுங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும், மீட்டர் வைத்து வடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஊதுங்கள். நான் அப்படி ஊதும்போதுதான் அந்த 2,200 ரூபாய் கார்டு ஞாபகம் வந்தது. கடைக்காரர் திருப்பிக் கொடுத்த பழைய கார்டை எடுத்து மாட்டினேன். புது லைனில் அதுவும் 10 கேஜ் ராடை ஒட்டாமல் ஓட்டியது.